விதியும் விளையாட்டும்

விதி என்ற சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குவர். மனிதர் கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கும் விதி. மனிதரால் மாற்றவொண்ணாதது எனக் கருதப்படும் ஊழும் விதி. முன்னதைப் பின்னதாக மயங்கச் செய்வதிலேயே பழைய சமுதாயங்களில் அதிகாரம் பெரிதும் தங்கியிருந்தது. தொன்மக் கதையொன்றை நாம் ஆட்டமாக ஆடும்போது இம்மயக்கம் வலுப்பெறுகிறதா, கலைகிறதா என்பது ஆராயத்தக்கது.

1974 இல் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஒரு புதுவகை மேசை ஆட்டத்துக்கு வழிதிறந்தது. நாலைந்து பேர் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வதை வாயாற் சொல்லியே கதையை நகர்த்துவர். ஐயமான இடத்திற் பகடை உருளும். வட ஐரோப்பியத் தொன்மங்களைப் பொருளாகக் கொண்ட ஆட்டங்களும் இவ்வழியிற் பல தோன்றின. அவற்றுள் ஒன்றான ‘ஃபேட் ஒஃப் த நோர்ன்ஸ்’ ஆட்டத்திற் பகடைக்குப் பதிலாக, ரூன் என்னும் பண்டைய எழுத்துக்கள் பொறித்த காய்களைப் பையிலிருந்து எடுக்கின்றனர். நோர்ன்கள் என்போர் அத்தொன்மத்தில் விதியை வகுக்கும் பெண்கள். 13 ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்துர்லுசன் எழுதிவைத்த கதைகளின்படி, ரக்னாரொக் என்னும் இறுதிப் போரில் தலைமைத் தெய்வமான ஓடினே ஓநாய்க்கு இரையாவான். ஆக, தெய்வமும் விதிக்குத் தப்பவில்லை. ஆனால், அக்கதையை ஆடுபவன் தன் அடுத்த செயலைத் தானே தெரிந்தெடுக்கிறான். முடிவு குறிக்கப்பட்டிருப்பினும் நடத்தை அவனுடையது.

தொன்மத்தை ஆடுவது மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி ஆட்டத்தில் ஊரே இரு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இரு சேரியாரும் இழுப்பர். மழை வேண்டியும் கொள்ளைநோய் தணியவேண்டியும் இதனை ஆடினர். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு வழங்கிய ‘அங்கெலிய’ இதன் உடன்பிறப்பு. கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு இன மக்களும் ஒரே தெய்வத்தின் பெயரால் கயிறு இழுத்தனர் என்ற உண்மை இந்நாட்டின் பாடநூல்களில் முதலிடம் பெறவேண்டியது.

எனினும், போற்றுதல் மட்டும் விமர்சனமாகாது. இவ்வாட்டத்தில் ஒருவன் தன் கட்சியைத் தெரிவதில்லை. குடும்ப வழியே அது வந்து சேர்கிறது. மனிதர் வகுத்த பிரிவு இங்கே பிறப்பின் விதியாகிவிடுகிறது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கோவலனும் கண்ணகியும் பூக்கொய்தபோது அவர்தம் தடிகள் சிக்குண்டமையே ஆட்டத்தின் தோற்றம் என்பது வழக்கு. சிலப்பதிகாரமோ விசாரணையின்றிக் கொலைத்தண்டனை விதித்த ஓர் அரசின் வீழ்ச்சியைக் கூறுவது. அரசுக்கும் குடிக்கும் இடையிலான வழக்கு, ஆட்டத்திற் கணவன் மனைவி போட்டியாகச் சுருங்கிவிட்டது. கயிற்றின் இரு முனையிலும் பாதிக்கப்பட்டோரே நிற்கின்றனர். பாண்டியனும் பொற்கொல்லனும் களத்திலேயே இல்லை!

மேசை ஆட்டத்தின் முறை இவ்விடத்தில் எமக்கு உதவும். கொலைக்களக் காட்சியை உயர்தர வகுப்பொன்றில் இம்முறையில் ஆடவிட்டேன். காவியத்திலும் காவலர் உடனே வெட்டிவிடவில்லை. இவன் கள்வனல்லன் என்று தயங்கினர். பொற்கொல்லன் வாதாடியபின், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவனே வாளோங்கினான். காவலனாக ஆடிய மாணவன், “அரசன்ட ஆணையெண்டா வெட்டத்தானே வேணும், சேர்” என்றான். “சிலம்புக்குள்ள என்ன பரல் எண்டு கேட்டியா?” என்று மடக்கினாள் ஒரு மாணவி. வகுப்பு அமைதியாயிற்று. போரைக் கண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு, ஆணையை ஏற்பதா, கேள்வி கேட்பதா என்பது ஏட்டுச் சிக்கலன்று.

இதனால் மேலைநாட்டு ஆட்டமே மேல் என்பார்க்கு நாம் உடன்படோம். அரக்கரைக் கொன்று புதையல் சேர்க்கும் தனிவீரனே அவ்வாட்டங்கள் பலவற்றின் தலைவன். நூலையும் காயையும் விலைகொடுத்து வாங்க இயன்றவர்க்கே மேசையில் இடமுண்டு. தொன்மம் கேள்விக்கு அப்பாற்பட்ட பெருமையாகும்போது என்ன நேரும் என்பதற்கும் வடபுலமே சான்று. ஹிட்லரின் எஸ்.எஸ். படை தன் சின்னமாகப் பொறித்தது ரூன் எழுத்துக்களையே. கொம்புக் கயிற்றிலோ பலநூறு கைகள் ஒன்றுபட்டாலன்றிக் கொம்பு முறியாது. அந்தக் கூட்டுழைப்பை எந்த மேசையும் தரமாட்டாது.

கண்ணகியை வேண்டித் தணிக்க முயன்ற பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததாக 1980 இல் அறிவிக்கப்பட்டது. விதியெனக் கிடந்த நோயை விஞ்ஞானமும் மனிதரின் கூட்டு முயற்சியும் வென்றன. அருகிவரும் கொம்புமுறி சில ஊர்களில் இடையிடையே மீண்டும் நடத்தப்படுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அதனை அருங்காட்சிப் பொருளாக்குவதோடு நம் கடமை முடியாது. கயிறு இழுக்கும் கைகளுக்குக் கட்சியைத் தெரியும் உரிமையும், பாண்டியனைக் களத்திற்கு அழைத்துக் கேள்வி கேட்கும் உரிமையும் வேண்டும். ஆட்டத்தின் விதிகளை மனிதரே எழுதினர் என்று உணரும் மாணவன், சமுதாயத்தின் விதிகளை எழுதியவர் யாரென்றும் கேட்கத் தொடங்குவான். அக்கேள்விக்கு அவனைத் தயார்செய்வது ஆசிரியர்களாகிய நமது பணியாகும்.