இணங்க வைக்கும் கலை

பிறர் மனத்தை நம் வழிக்குத் திருப்புவது எங்ஙனம் என்று கற்பிக்கும் நூல்கள் மேனாட்டில் மலிந்து கிடக்கின்றன. அவற்றிடையே அமெரிக்க உளவியற் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியிட்ட 'இன்ஃப்ளுயன்ஸ்' தனித்து நிற்கிறது. எவர் எதைக் கேட்டாலும் மறுக்க இயலாத ஏமாளியாகவே வாழ்ந்தேன் என்ற ஒப்புதலோடு நூலைத் தொடங்குகிறார் ஆசிரியர். அக்காரணம் அறியவே, விற்பனையாளரும் நன்கொடை திரட்டுவோரும் பயிலும் இடங்களில் தம்மை இன்னாரென்று காட்டாமற் சேர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர்தம் சூழ்ச்சிகளைக் கற்றார்.

கைம்மாறு பற்றிய பகுதி நூலின் சிகரம். டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட ஆய்வு அதில் விரிவாக எடுத்தாளப்படுகிறது. கேளாமலே ஒருவன் வாங்கித் தந்த ஒரு புட்டி கொக்கோ கோலாவுக்காக, அவனிடம் பரிசுச் சீட்டுகளை இருமடங்கு வாங்கினர். அவனைப் பிடிக்காதவர்களும் வாங்கினர்! விருப்பத்தையும் வென்றுவிடுகிறது நன்றிக்கடன்.

ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஏமாறுவோரைக் காப்பதே நோக்கமென்கிறார் ஆசிரியர். ஆனால் தாக்கும் முறைகள் பக்கம் பக்கமாக விரிய, தற்காப்பு ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் சில பக்கங்களில் ஒடுங்கிவிடுகிறது. விற்போரே இந்நூலை விரும்பிக் கற்றதில் வியப்பென்ன?

இன்னொன்று. இந்நூலில் பிறரை வசப்படுத்துவோர் பெரும்பாலும் பொருள் பறிக்க வந்தவர்கள். நன்மை நாடி அறிவுரை கூறுவோரும் அறியாமலே பிறர் மனத்தைத் திருப்புகிறார்களே, அவர்கள் எங்கே? இதற்கு விடை அவரும் சகாக்களும் பின்னர் நடத்தி, 2003இல் அவர் எழுதிய ஆய்வில் கிடைக்கிறது. அரிசோனாவில் மரங்கள் கல்லாய் உறைந்த தேசியப் பூங்கா ஒன்றுண்டு. அங்கே பார்வையாளர் கற்றுண்டுகளை எடுத்துச் செல்வதைத் தடுக்க இருவகைப் பலகைகளை வைத்துப் பார்த்தனர். 'எடுக்காதீர்' என்று வேண்டிய பலகையருகே, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 1.67 விழுக்காடே களவு போயின. முன்பு வந்தோர் பலர் எடுத்துச் சென்று காட்டின் இயல்பைக் கெடுத்தனர் என்று வருந்திய பலகையருகே போனதோ 7.92 விழுக்காடு.

பலர் செய்கிறார்கள் என்ற வருத்தமே, செய்யலாம் என்ற அனுமதியாகிவிட்டது. "இக்காலத்தில் எந்தப் பிள்ளை பெற்றோர் சொல் கேட்கிறது?" என்று பிள்ளைகள் காதுபட நாம் அலுத்துக்கொள்ளும்போது, அந்தப் பலகையைத்தான் நம் வீட்டு வாசலில் நட்டுவைக்கிறோம். சியால்டினியின் 1984ஆம் ஆண்டு நூலை மும்முறை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அந்தச் சிறு ஆய்வு உறைக்கச் செய்தது.