காலச்சக்கரம் எந்த மண்ணில் சுழல்கிறது? ஸ்காட் கன்னிங்ஹாமின் ‘விக்கா’ நூல்: ஒரு திறனாய்வு



‘இந்நூல் அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்.’ திறனாய்வு விடைகளில் இப்படி ஒரு முடிவுரை அடிக்கடி வரும். எந்த நூலுக்கு வேண்டுமானாலும் ஒட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். சிக்கலே அதுதான். நூலைத் திறந்தே பார்க்காதவர்கூட எழுதிவிடக்கூடிய வரி மதிப்பீடு ஆகாது.

அதனால் இம்முறை நமக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். இது ஒரு சமய நூல். அதை நம்பச் சொல்லவில்லை. கேலி செய்யவும் வேண்டாம். இரண்டும் இல்லாமல் ஒரு நூலை எடைபோட முடியுமா? அதுதான் இங்கே பயிற்சி.

நூல் அறிமுகம்

ஸ்காட் கன்னிங்ஹாம் (1956–1993) அமெரிக்காவின் ஸான் டியாகோ நகரில் வாழ்ந்த எழுத்தாளர். அவருடைய ‘விக்கா: எ கைட் ஃபார் த சாலிடரி பிராக்டிஷனர்’ 1988-இல் வெளிவந்தது. ‘தனித்து வழிபடுவோருக்கான கையேடு’ என்று பொருள் கொள்ளலாம். கோட்பாடு, நடைமுறை, சடங்குத் தொகுப்பு என மூன்று பகுதிகள் கொண்டது.

விக்கா என்பது 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான இயற்கை வழிபாட்டு நெறி. அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். இவர் நமக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்து, பிறகு ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கெரிஸ் பற்றி அவர் எழுதிய நூல் 1936-இல் சிங்கப்பூரில் வெளியானது. ஊர் திரும்பிய பின், 1954-இல், ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்ற நூலை வெளியிட்டார்.

ஒரு சொல் எச்சரிக்கை. ‘விட்ச்கிராஃப்ட்’ என்றதும் ‘பில்லி சூனியம்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் பேச்சில் சூனியம் என்றால் அடுத்தவரைக் கெடுக்க வைப்பது. விக்காவிலோ யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதுதான் அடிப்படை நெறி. மொழிபெயர்ப்பில் தவறான சொல்லைப் போட்டால் மதிப்பீடும் அங்கேயே சாய்ந்துவிடும். ‘விக்கா’ என்றே எழுதுவது நல்லது.

நூல் சொல்வது என்ன?

ஒரு குழுவில் சேர்ந்து, மூத்தவர் ஒருவரிடம் தீட்சை பெற்றால்தான் விக்காவுக்குள் வர முடியும் என்பது கார்ட்னர் வழி. கன்னிங்ஹாம் இதை மறுக்கிறார். தனி ஒருவர் தன் வீட்டிலேயே, தன்னைத் தானே அர்ப்பணித்துக்கொண்டு வழிபடலாம் என்கிறார்.

வழிபாட்டுக்கு ஒரு கால அட்டவணையும் உண்டு. முழுநிலா நாள்கள், அவற்றோடு சூரியனின் பயணத்தை ஒட்டிய எட்டு விழாக்கள். டிசம்பரில் ‘யூல்’, பிப்ரவரியில் ‘இம்போல்க்’, மார்ச்சில் ‘ஒஸ்தாரா’, மே தொடக்கத்தில் ‘பெல்டேன்’, ஜூனில் நடுக்கோடை, ஆகஸ்டில் ‘லூனாசா’, செப்டம்பரில் ‘மேபன்’, அக்டோபர் 31-இல் ‘சௌவின்’. நீண்ட இரவு வரும் யூலில் தேவன் பிறக்கிறான், கோடையில் வலிமை பெறுகிறான், அறுவடைக் காலத்தில் தளர்கிறான், சௌவினில் விடைபெறுகிறான். ஓர் ஆண்டே ஒரு கதையாகிறது.

நிறைகள்

இந்நூலின் பெரிய பலம் எளிமை. விளக்குமாறும் இங்கே வழிபாட்டுப் பொருள்தான். சடங்குக்கு முன் இடத்தைத் தூய்மை செய்வதன் அடையாளம் அது. இம்போல்க் மாலையில் வீட்டு விளக்குகள் அனைத்தையும் கொஞ்ச நேரமாவது ஏற்றுங்கள் என்கிறார். சௌவின் இரவில் இறந்தோருக்காக ஒரு தட்டு உணவை வெளியே வையுங்கள் என்கிறார். விலை உயர்ந்த பொருளோ கோயிலோ குருவோ தேவையில்லை. அன்றாட வேலைக்குள் ஒரு கவனத்தைக் கொண்டுவருகிறார், அவ்வளவுதான். ஆனா அது சின்ன விஷயமில்லை.

இன்னொரு நிறை, சடங்குகளை வாசகரே அமைத்துக்கொள்ள வழிகாட்டும் அத்தியாயம். சமயக் கையேடு ஒன்று ‘நான் சொல்வதை அப்படியே செய்’ என்று சொல்லாமல் ‘நீயே உருவாக்கிக்கொள்’ என்று சொல்வது அபூர்வம்.

குறைகள்

முதல் குறை, பழைமை பற்றிய தடுமாற்றம். தன் வழிமுறை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கைமாறி வந்தது அல்ல, புதியதுதான் என்று கன்னிங்ஹாம் ஒப்புக்கொள்கிறார். பாராட்ட வேண்டிய நேர்மை. ஆனால் முதல் அத்தியாயமே விக்காவைத் தொல்குடிகளின் ஷாமனியத்தோடு இணைத்துப் பேசுகிறது. புதியது என்றும் சொல்லவேண்டும், ஆதிகாலப் பெருமையும் வேண்டும்!

வரலாறு என்ன சொல்கிறது? பிரிட்டனின் ஆண்டு விழாக்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் ‘த ஸ்டேஷன்ஸ் ஆஃப் த சன்’ 1996-இல் வெளிவந்தது. எட்டில் நான்கு அயர்லாந்தின் பழைய விழாக்கள். ஆனால் எட்டையும் ஒரே சக்கரமாகப் பழங்கால மக்கள் கொண்டாடியதற்குச் சான்று இல்லை. அந்தச் சக்கரம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கோக்கப்பட்டது. ‘மேபன்’ என்ற விழாப்பெயர் 1970-களில் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று படித்திருப்பீர்கள். நிலத்தை விட்டுப் பொழுதை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கன்னிங்ஹாம் தூக்கிக்கொண்டு போகிறார். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே சூரியன் செத்துப் பிழைக்கும் கதை கண்முன் நடக்கிறது. ஸான் டியாகோவில்? மழை பெய்து குன்றுகள் பச்சையாவது குளிர்காலத்தில். கோடையில் அவை காய்ந்துபோகும். நடுக்கோடை ஜூனில் கடலோரம் மேகம் கவிந்துகிடப்பது வழக்கம். அந்த ஊரில் வாழ்ந்தவர், இம்போல்க் நாளில் வெளியே பனி கிடந்தால் அதில் நடந்து பாருங்கள் என்று எழுதுகிறார். இயற்கையோடு ஒன்று என்று சொல்லும் நூல், தன் சன்னலுக்கு வெளியே இருக்கும் இயற்கையை விட்டுவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரலாம், வரணும். ‘நாமும் தைப்பொங்கல் வைக்கிறோம். நம்ம அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால் நெல்வயலா இருக்கு?’ நல்ல கேள்வி. பதில் இதுதான்: அந்தப் பானையில் பொங்குவது நினைவு. எங்கிருந்து வந்தோம், யார் விதைத்தார்கள் என்ற நினைவு. அது நமக்குத் தெரிந்தேதான் வைக்கிறோம். கன்னிங்ஹாமும் ‘இது பிரிட்டன் மண்ணின் நினைவு’ என்று சொல்லியிருந்தால் குறையே இல்லை. அதை எல்லாருக்கும் பொதுவான இயற்கை போல அவர் தருவதில்தான் தவறு.

மதிப்பீடு

ஆக, ‘பார், நீயே அமைத்துக்கொள்’ என்று சொல்லும் இடங்களில் இந்நூல் வலுவாக நிற்கிறது. ‘இந்த மாதத்தில் இதைத்தான் காண்பாய்’ என்று சொல்லும் இடங்களில் சறுக்குகிறது. ஆஸ்திரேலியாவில் பலர் இச்சக்கரத்தைத் திருப்பிப்போட்டு, யூலை ஜூனில் கொண்டாடுகிறார்கள். கன்னிங்ஹாம் தந்த சுதந்திரத்தைக் கொண்டே அவர் தந்த அட்டவணையைத் திருத்தலாம் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழா புதியது என்று காட்டியதால் அது பொய் என்று ஆகிவிடாது. விளக்கு ஏற்றுபவரின் மன அமைதிக்கு வரலாற்றுச் சான்றிதழ் தேவையில்லை. ‘பழையது’ என்ற கூற்றுக்கு மட்டும்தான் சான்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தால் உங்கள் விடை தனியாகத் தெரியும்.

பயிற்சி

1. நூலாசிரியரின் கருத்தை அவருடைய நூலிலிருந்தே எடுத்த சான்றால் மறுப்பது எப்படி? மேலுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.

2. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 10 நிமிடம்தான். அப்படியானால் உங்கள் வட்டாரத்தில் பருவம் மாறுவதை எதை வைத்து அறிகிறீர்கள்? மழையா, டுரியான் பழமா, புகைமூட்டமா? ஒரு வாரம் கவனித்து, கண்டதை மட்டும் 100 சொற்களில் எழுதுக.