முற்றும் எச்சமும்: அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ நாவலின் ஆக்கமும் முடிவும்

1. முன்னுரை

‘தொடர்கதை’ என்னும் சொல் தமிழில் வார இதழ்களின் வழியே நிலைபெற்றதாகும். ஒரே கதை பல இதழ்களில் பகுதி பகுதியாக வெளிவருவதை அது குறிக்கும். அறிவியல் புனைகதையில் வழங்கும் தொடர் நாவல் இதனின்றும் வேறுபட்டது. அங்கு ஒவ்வொரு நூலும் தனித்து முடிய வேண்டும். அதே வேளையில் ஒரு பெருங்கதையின் உறுப்பாகவும் அமைய வேண்டும். தொடர்கதை ஆசிரியர் ‘தொடரும்’ என்று எழுதி நிறுத்தலாம். தொடர் நாவலாசிரியரோ ‘முற்றும்’ என்று எழுதிய பின்னும் தொடர வேண்டியவராகிறார்.

இந்நிலையை விளக்கத் தமிழ் இலக்கண மரபில் பொருத்தமான கலைச்சொல் ஒன்று உண்டு. வடிவத்தால் வினைமுற்றாக நின்று, பொருளால் வினையெச்சமாகி, வேறொரு வினையைக் கொண்டு முடிவதை முற்றெச்சம் என்பர். ‘கண்டனர் மகிழ்ந்தனர்’ என்பதில் ‘கண்டனர்’ என்பது ‘கண்டு’ என்றே பொருள்படும். தொடர் நாவலின் முடிவும் இத்தகைய முற்றெச்சமே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக ஐசக் அசிமோவ் 1982இல் வெளியிட்ட ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ என்னும் நாவலின் ஆக்கமும் முடிவும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. தொடரின் வளர்ச்சி

இத்தொடர் நாவலாகத் தொடங்கவில்லை. 1942 முதல் 1950 வரை, ஜான் டபிள்யூ. காம்ப்பெல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இதழில் எட்டுக் கதைகளாக அது வெளிவந்தது. பின்னர் நோம் பிரஸ் நிறுவனம் இவற்றை 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளியிட்டது. முதல் நூலின் தொடக்கமாக இன்று நாம் படிக்கும் பகுதி 1951ஆம் ஆண்டுப் பதிப்பிற்காகப் புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்டது. எட்டுக் கதைகளும் வெளிவந்த பின்னரே தொடருக்கு ‘முன்னுரை’ கிடைத்தது என்பது கருதத்தக்கது. கதைக்காலமும் ஆக்கக்காலமும் வெவ்வேறு திசைகளில் செல்லும் இயல்பு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

கதையின் அடிப்படை எளியது. விண்மீன் மண்டலப் பேரரசு வீழும் என்பதை ஹாரி செல்டன் என்னும் அறிஞர் உளவரலாற்றியல் என்ற கணிதத்தால் அறிகிறார். அடுத்து வரவிருக்கும் முப்பதாயிரம் ஆண்டு இருட்காலத்தை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கத் திட்டமிட்டு இரு நிறுவனங்களை நிறுவுகிறார். தனிமனிதர் செயலைக் கணிக்க இயலாது. பெருந்திரளின் போக்கைக் கணிக்க இயலும் என்பதே அத்துறையின் கொள்கை. 1966இல் எல்லாக் காலத்திற்குமான சிறந்த தொடர் என்ற ஹியூகோ விருதை இம்மூன்று நூல்களும் பெற்றன. எனினும் ஆயிரம் ஆண்டுத் திட்டத்தில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே அதுவரை சொல்லப்பட்டிருந்தன.

3. வரைவு உருவான விதம்

ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 1981இல், டபுள்டே பதிப்பகத்தின் வற்புறுத்தலால் அசிமோவ் நான்காம் நூலை எழுத உடன்பட்டார். முதற்பணியாகத் தம்முடைய மூன்று நூல்களையும் மீண்டும் படித்தார். அவற்றில் நிகழ்ச்சிகள் குறைவு, உரையாடலே மிகுதி என்பதைக் கண்டு வியந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எட்டாண்டுகளுக்கு முன் தொடங்கிக் கைவிட்ட பதினான்கு பக்கங்கள் அவரிடம் இருந்தன. அப்போது கதையை எங்குக் கொண்டுசெல்ல எண்ணினார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆயினும் புதியதொரு முடிவை வகுத்துக்கொண்டு, 1981 ஜூனில் பதினைந்தாம் பக்கத்திலிருந்து எழுதலானார். 1982 ஜனவரியில் செம்படி எழுதத் தொடங்கி, மார்ச்சில் முடித்துக்கொடுத்தார்.

இங்கு இரு செய்திகள் மொழியியல் நோக்கில் முக்கியமானவை. முதலாவது, ஆசிரியரே தம் பழைய உரையின் வாசகராக மாறுகிறார். தனி நாவலை எழுதுபவருக்கு முந்தைய செய்தி என்பது முந்தைய இயலில் உள்ளது. வேண்டுமானால் திரும்பிச் சென்று அதைத் திருத்தலாம். தொடர் நாவலாசிரியருக்கு முந்தைய செய்தி அச்சேறி வாசகர் கைக்குச் சென்றுவிட்டது. அது அவராலும் மாற்ற இயலாத முற்கோள் ஆகிவிடுகிறது. இரண்டாவது, வாசகருள் இரு பிரிவினர் உள்ளனர். பழைய வாசகருக்குச் செல்டன் தெரிந்த செய்தி; புதிய வாசகருக்குப் புதுச்செய்தி. முந்தைய கதையைச் சுருங்கக் கூறும் முகப்புரை ஒன்றை நாவலின் தொடக்கத்தில் அமைத்து இச்சிக்கலை அசிமோவ் தீர்க்கிறார். இயல்களின் தலைப்பில் வரும் கற்பனைக் கலைக்களஞ்சியப் பகுதிகளும், அவர் தொடக்கம் முதலே கையாண்ட இத்தகைய உத்தியேயாகும். கதைமாந்தர் தமக்குத் தெரிந்ததைத் தமக்கே விளக்கும் செயற்கைத்தன்மை இதனால் ஓரளவு தவிர்க்கப்படுகிறது.

4. முரணே கருவாதல்

பழைய நூல்களுக்கும் புதிய நூலுக்கும் இடையே எழும் முரண்களை மூன்று வழிகளில் கையாளலாம்: மறைக்கலாம், விளக்கலாம், கதையாக்கலாம். அசிமோவ் மூன்றையும் செய்கிறார். 1942இல் மின்னணுக் கணிப்பொறி நடைமுறைக்கு வரவில்லை. 1982இல் அது இல்லாத விண்கலத்தை வாசகர் ஏற்கமாட்டார். எனவே புதிய நாவலின் நாயகன் கோலன் டிரெவிஸ், கைகளின் வழியே எண்ணத்தோடு இணையும் கணிப்பொறி உடைய கலத்தில் செல்கிறான். நூற்றாண்டுகள் கழிந்தமையால் கருவி வளர்ந்தது என்று வாசகர் அமைதி கொள்கிறார்.

இதனினும் சிறப்புடையது மூன்றாம் வழி. முந்தைய நூல்களில் மியூல் என்பவன் தோன்றிச் செல்டன் திட்டத்தையே குலைத்துவிடுகிறான். அத்தகைய குலைவுக்குப் பின்னும் திட்டம் மீண்டும் பிழையின்றிச் செல்வது எவ்வாறு என்ற ஐயம் கூர்ந்து படிப்பவருக்கு எழக்கூடியதே. திறனாய்வாளர் குறை என்று சுட்டக்கூடிய இதனை அசிமோவ் டிரெவிஸின் வாயில் வைக்கிறார். திட்டம் அளவுக்கு மீறிச் செம்மையாக நடப்பதே அதை யாரோ இயக்குவதற்குச் சான்று என்று அவன் வாதிடுகிறான். இரண்டாம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெண்டிபாலும் தன் வழியில் அதே முடிவுக்கு வருகிறான். பழைய உரையின் குறை புதிய உரையின் கருவாகிவிடுகிறது. தொடர் நாவல் ஆக்கத்தில் இதைவிடத் திறமான இயைபுக் கருவி அரிது எனலாம்.

5. முடிவின் இலக்கணம்

நாவலின் இறுதியில் மூன்று வழிகள் டிரெவிஸின்முன் வைக்கப்படுகின்றன: முதல் நிறுவனத்தின் படைவலிமை, இரண்டாம் நிறுவனத்தின் உளவலிமை, கையா என்னும் கோளின் கூட்டுணர்வு. அவன் கையாவைத் தேர்கிறான். தேர்வு என்னும் செயல் அங்கு முற்றுப்பெறுகிறது, மோதல் தீர்கிறது, நாவல் முடிந்த நிறைவு வாசகருக்குக் கிட்டுகிறது. ஆனால் ஏன் தேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. செயல் முற்று, காரணம் எச்சம். ‘தேர்ந்தான்’ என்ற முற்று, ‘தேர்ந்து, காரணம் தேடிச் சென்றான்’ என்று அடுத்த நூலில் எச்சமாகிறது. 1986இல் வந்த ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ இத்தேடலையே பொருளாகக் கொண்டது. அதன் முடிவில் காரணம் கிடைக்கிறது. எனினும் இறுதி வரிகளில் புதியதோர் ஐயம் எழுந்து, அம்முடிவையும் எச்சமாக்கிவிடுகிறது.

6. கருத்தா மாற்றம்

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. பழைய கதைகளின் தனித்தன்மை, வரலாற்றிற்குத் தனியொரு கருத்தா இல்லை என்பதே. நெருக்கடிகள் பொருளியல், சமய, அரசியல் விசைகளால் தாமே தீர்ந்தன. இதனை இயற்றுதற் கருத்தாவாகச் சமுதாயம் நிற்கும் அமைப்பு எனலாம். பின்னைய நூல்களில் இவ்விசைகளுக்குப் பின்னால் கையா நிற்கிறது. 1986ஆம் ஆண்டு நூலில் கையாவுக்கும் பின்னால் டேனீல் ஆலிவா என்னும் எந்திரன் நிற்பது வெளிப்படுகிறது. சமுதாயம் செய்தது என்று நாம் படித்தவை செய்விக்கப்பட்டவை ஆகின்றன. ஏவுதற் கருத்தா புகுந்துவிடுகிறான்.

தம் எந்திரன் கதைகளையும் நிறுவனக் கதைகளையும் ஒரே வரலாறாக இணைக்க விரும்பியதன் விளைவு இது. இயைபு பெருகியது, பொருள் சுருங்கியது. பெருந்திரளின் போக்கே வரலாறு என்ற கருத்தால் ஈர்க்கப்பட்ட வாசகர், அப்போக்கை ஒருவர் மறைந்திருந்து நடத்தினார் என்று கேட்கும்போது இழப்பது சிறிதன்று. பின்னைய நூல் முன்னைய நூலின் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. அதன் பொருளை மாற்றிவிடுகிறது. தொடர் நாவலாசிரியர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுவே.

7. முடிவுரை

‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ 1983இல் ஹியூகோ விருது பெற்றது. அதன் கதை செல்டன் திட்டத்தின் 498ஆம் ஆண்டில் நிகழ்கிறது. 1986ஆம் ஆண்டு நூலுக்குப் பின் அசிமோவ் முன்னோக்கிச் செல்லவில்லை. செல்டனின் இளமைக்குத் திரும்பி 1988இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர் 1992இல் மறைந்தபின், 1993இல் வெளிவந்த இறுதி நூலும் செல்டன் வாழ்வையே கூறுவது. 1997 முதல் 1999 வரை வேறு மூவர் எழுதிய மூன்று நாவல்களும் செல்டன் காலத்தையே சுற்றி அமைந்தன. எஞ்சிய ஐந்நூறு ஆண்டுகளை அசிமோவ் எழுதவே இல்லை. தனித்தனி நாவல்கள் முற்றுப்பெற்றன. தொடர் எச்சமாகவே நின்றது.

இத்தகைய தொடரைத் தமிழாக்க முனைவோர்க்கும் இதில் பாடம் உண்டு. ‘ஃபவுண்டேஷன்’ என்னும் சொல் அடித்தளம், நிறுவனம் ஆகிய இரு பொருளையும் ஒருசேரத் தருவது. தமிழில் ஒன்றையே தேர முடியும். முதல் நூலில் தேர்ந்த சொல் இறுதி நூல்வரை மொழிபெயர்ப்பாளரைக் கட்டுப்படுத்தும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் முழுத்தொடரையும் படித்து முடித்தபின் முதற்சொல்லை முடிவு செய்வதே தக்கது. மூல ஆசிரியருக்கு வாய்க்காத இவ்வசதி அவருக்கு வாய்த்திருக்கிறது.