காட்டை நோக்கித் திறக்கும் மேடை

பிரான்சின் கிழக்கே, வோஜ் மலைத்தொடரில் புஸ்ஸாங் என்றொரு சிற்றூர். அங்கே முழுக்க மரத்தால் எழுந்த நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. அவ்வூரில் பிறந்த எழுத்தாளர் மொரிஸ் பொத்தெஷே 1895-இல் தொடங்கிய ‘மக்கள் நாடக அரங்கு’ அது. கலையின் வழியே, மனிதகுலத்துக்காக என்பதே அதன் குறிக்கோள். மேடையின் இருபக்கமும் அதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான் சொக்கிப்போவது மேடையின் பின்சுவரில். அது சுவரல்ல, பெருங்கதவு. நாடகத்தின் நடுவிலோ முடிவிலோ அதைத் திறப்பார்கள். மரங்களும் மலைச்சரிவும் பகல் வெளிச்சமும் சட்டென்று காட்சிக்குள் வந்துவிடும். மழை பெய்தால் மழையும் நாடகத்தில் சேரும். எந்தத் திரைச்சீலை ஓவியனும் தீட்ட முடியாத பின்னணி! பிற்பகலில் நாடகம் போடும் வழக்கத்தின் அருமை அப்போதுதான் புரியும்.

தொடக்கத்தில் ஊர்மக்களே நடித்தார்கள். இன்றும் கோடைகால நாடகத்தில் தொழில்முறைக் கலைஞர்களோடு சாதாரண மக்கள் ஒரே மேடையில் நிற்கிறார்கள். வருகிறவர்களை வரவேற்பது, இடம் காட்டுவது போன்ற வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள். பழைய கட்டடத்தைப் பூட்டிப் பாதுகாப்பது எளிது. அதில் ஆண்டுதோறும் புதுக் கைகள் உழைக்க, புதுக் குரல்கள் ஒலிக்கச் செய்வதுதான் உண்மையான மரபுப் பாதுகாப்பு. புஸ்ஸாங் அதை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது.