கையடக்க டயர் பம்ப்: நான்கு அலகுகளும் இருந்தால்தான் முழுமை

பேட்டரியில் ஓடும் கையடக்க டயர் பம்புகள் இப்போது பல கார்களின் டிக்கியில் இடம்பிடித்துவிட்டன. வேண்டிய அழுத்தத்தை முன்பே வைத்துவிட்டால், அந்த எண்ணைத் தொட்டதும் தானாக நின்றுவிடும். நான் பயன்படுத்திவரும் பம்பில் பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல், கிலோ/ச.செ.மீ. என நான்கு அலகுகளும் உண்டு. வாங்கும்போது பலரும் கவனிக்காத இந்த வசதிதான் இதன் பெரிய பலம்.

பெட்ரோல் பங்கில் நாம் பிஎஸ்ஐயில் சொல்லிக் காற்று பிடிக்கிறோம். ஆனால் கார் கதவோரத்து ஸ்டிக்கரில் பெரும்பாலும் கிலோபாஸ்கல் இருக்கும். பைக் கையேட்டில் 1.75 கிலோ/ச.செ.மீ. என்று இருக்கும். கால்பந்து விதிகளும் ஒரு ச.செ.மீட்டருக்கு 600 முதல் 1,100 கிராம் வரை என்கின்றன, அதாவது 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ.

கணக்கு கடினமானதல்ல. 1 பிஎஸ்ஐ என்பது 6.895 கிலோபாஸ்கல். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பிஎஸ்ஐ. 1 கிலோ/ச.செ.மீ. என்பது 14.22 பிஎஸ்ஐ. பாருக்கும் கிலோவுக்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம். டயரைப் பொறுத்தவரை இது பொருட்டல்ல.

பம்பில் 33 பிஎஸ்ஐ வைத்து அலகு பொத்தானை அழுத்தினால் 228 கிலோபாஸ்கல், 2.3 பார், 2.3 கிலோ எனத் திரை மாறுகிறது. துல்லியமான மதிப்புகள் 227.5, 2.28, 2.32. பாரிலும் கிலோவிலும் ஒரே ஒரு தசம இலக்கம் காட்டுவது இதன் குறை. பாரில் ஒரு படி ஏற்றினால் 1.45 பிஎஸ்ஐ கூடிவிடும். கிலோபாஸ்கலில் ஒரு படி 0.15 பிஎஸ்ஐதான். நுணுக்கமாக வைக்க வேண்டுமென்றால் கிலோபாஸ்கலே சிறந்தது.

வேறு சில குறைகளும் உண்டு. அலகின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் தெரிவதால் வெயிலில் படிப்பது சிரமம். அலகு பொத்தான் கூட்டல் பொத்தானை ஒட்டியே இருப்பதால் விரல் தவறினால் அலகு மாறிவிடும். காற்று அடிக்கத் தொடங்குமுன் எண்ணோடு அலகையும் பார்ப்பது அவசியம். சத்தமும் அதிகம், நான்கு டயருக்கும் தொடர்ந்து அடித்தால் பம்பின் உடல் நன்றாகச் சூடாகிறது.

இன்னொன்று: ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. ஓடிய டயரில் அழுத்தம் கூடியிருக்கும். வெப்பம் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ கூடும். அலகை எவ்வளவு சரியாக மாற்றினாலும் சூடான டயரில் அளந்தால் பயனில்லை. காலையில் வண்டியை எடுக்குமுன் அளப்பதே முறை.

கார், பைக், பந்து மூன்றும் உள்ள வீட்டுக்கு இத்தகைய பம்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்குமுன் நான்கு அலகுகளும் இருக்கின்றனவா, பாரில் இரண்டு தசம இலக்கம் வருகிறதா என்று பாருங்கள். வாங்கியபின் மனக்கணக்குப் போட வேண்டாம். ஸ்டிக்கரில் உள்ள அலகையே பம்பிலும் வையுங்கள்.