தேசிங்கின் கதையும் ராணியின் தீயும்

செஞ்சிக் கோட்டையைக் கோனார் ஆண்டனர், நாயக்கர் ஆண்டனர், பீஜப்பூராரும் மராட்டியரும் மொகலாயரும் ஆண்டனர். ஆனால் மக்கள் நாவில் நிற்பவனோ, ஓராண்டு கூட முழுமையாக ஆளாத ஓர் இளைஞன்! வரலாறு தராத அரியணையை அவனுக்குத் தந்தது கதை.

தேசிங்கு என்று நாம் அழைப்பவன் தேஜ்சிங், புந்தேலா ராஜபுத்திரன். தந்தை சொரூப்சிங் 1714இல் மறைந்ததும் கோட்டைக்கு உரிமை கொண்டான். வரிப்பாக்கி கேட்டுப் படையொடு வந்தார் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் களத்தில் வீழ்ந்தான் தேஜ்சிங். அப்போது அவனுக்கு வயது ஏறக்குறைய இருபத்திரண்டு.

நாட்டுப் பாடகன் இந்த இளைஞனை எடுத்துக்கொண்டான். அடங்காக் குதிரையை அடக்க வைத்தான். தெருக்கூத்திலே ஆட வைத்தான். பின்னர், 1960இல், எம்.ஜி.ஆர். வடிவிலே திரையிலும் உலவினான் தேசிங்கு. வாழ்ந்த மனிதனைக் கதைமாந்தனாக்குவது பிழையா? இல்லை. எழுத்தாளன் மனிதரைப் பார்த்துத்தான் மனிதரைப் படைக்க முடியும். எடுத்த மனிதரைக் கொண்டு எதைப் போற்றுகிறான் என்பதே கேள்வி.

மகபத்கானைப் பாருங்கள். மணமேடையை விட்டெழுந்து நண்பனுக்காகக் களம் புகுந்த இசுலாமியன் என்கிறது கதை. வரிக்காக மூண்ட போரை மதப்போராக்காமல், நட்பின் காவியமாக்கினானே நாட்டுப் பாடகன், அவனை வாழ்த்துவோம்!

ஆனால் ராணிபாய்? கணவனுடன் எரிந்தாள்; கற்பரசியானாள்; அவள் நினைவாக எழுந்ததே ராணிப்பேட்டை என்பர். தேசிங்குக்குக் குதிரை தந்த கவிஞன், நண்பனைத் தந்த கவிஞன், வீரம் தந்த கவிஞன், அவளுக்குத் தந்தது நெருப்பு ஒன்றே! அவள் அஞ்சினாளா? வாழ விரும்பினாளா? கேட்டவர் யார்? உயிரோடிருப்பவரைக் கதையில் வைத்தால், அவர் வந்து வழக்காடுவார். சாம்பல் வழக்காடுமோ?

இந்தக் கோட்டையை 1677இல் கைப்பற்றிய சிவாஜியையும் ஒருவர் கதைமாந்தனாக்கினார். அவர் அறிஞர் அண்ணா. ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் வாள்வீச்சை மட்டும் வியந்து அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. வென்ற வீரன் முடிசூட ஏன் வைதிகரின் இசைவுக்குக் காத்திருந்தான் என்று கேட்டார். சிவாஜியாக நடித்த வி. சி. கணேசன் ‘சிவாஜி’ கணேசனானார். கேட்டவர் நெஞ்சில் சாதியைப் பற்றிய கேள்வி முளைத்தது. மெய்யான மனிதரைக் கதைக்குள் அழைப்பதன் பயன் அதுவன்றோ!

உடன்கட்டையை வங்கத்தில் 1829இலும், சென்னை மாகாணத்தில் 1830இலும் சட்டம் தடுத்தது. ஆயினும் 1987இல் ராசத்தானத்துத் தேவ்ராலாவில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி சிதையில் எரிந்தாள். வாழ்த்தொலி முழங்கக் கூட்டம் திரண்டது. அதன்பின் வந்த சட்டம், உடன்கட்டையைப் போற்றுவதையும் குற்றமாக்கியது. அந்தக் கூட்டத்துக்கு வாழ்த்தைக் கற்றுக் கொடுத்தது எது? தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதைகளல்லவா?

சுடுகாட்டுத் தீயைச் சட்டம் அணைக்கும். கதையில் எரியும் தீயை எழுதுகோல்தான் அணைக்கவேண்டும். இளம் எழுத்தாளர்களே, தேசிங்கின் கதையை மீண்டும் எழுதுங்கள். குதிரை இருக்கட்டும், நட்பு இருக்கட்டும், ராணிபாய் இம்முறை வாய் திறந்து பேசட்டும்!