நிதி நிட்சேபம் இருக்கு, வண்டிப்பாதை எங்கே?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நிலக் கிரையப் பத்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "புரியாத பழைய தமிழ்" என்றுதான் எல்லாரும் குறை சொல்வார்கள். என் குறை வேற. வார்த்தையைத் தேவையில்லாத இடத்தில் கொட்டிவிட்டு, தேவையான இடத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள்.

"நிதி நிட்சேப ஜல தரு பாஷாண" என்று தொடங்கும் வரியை எடுத்துக்குவோம். புதையல், நீர், மரம், கல் எல்லாம் வாங்குகிறவருக்கே என்று அர்த்தம். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 8-ஆம் பிரிவைப் பாருங்க. வேறு எண்ணம் தெரியாதவரை, விற்பவருக்கு அந்தச் சொத்தில் உள்ள உரிமைகளும், அதோடு சேர்ந்த வழி, நீர் உரிமைகளும், மண்ணில் பதிந்தவையும் தானாகவே கைமாறும். அதனால் அந்த வரி பெரும்பாலும் அலங்காரம்தான். இருந்துட்டுப் போகட்டும், கெடுதல் இல்லை.

கெடுதல் அடுத்த வரியில் இருக்கு: "மாமூல் வழிநடை பாத்தியமும் உட்பட". நாலு ஏக்கர் வைத்திருப்பவர் பின்பக்கத்து ஒரு ஏக்கரை மட்டும் விற்கிறார் என்று வைங்க. முன்பக்கம் இன்னும் அவருடையது. இதுவரை தன் நிலத்தில் தானே நடந்தவருக்கு மாமூல் பாதை ஏது? நிலத்துக்குப் போக வேற வழியே இல்லை என்றால் ஈஸ்மெண்ட் சட்டம், 1882-இன் 13-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆனால் சுற்றுவழியாக ஒரு வரப்பு இருந்தால்? அறுவடைக்கு டிராக்டர் போகணும். பத்திரத்தில் அகலமும் இல்லை, திசையும் இல்லை.

இப்படி எழுதினால் போதும்: "விற்பவர் மீதி வைத்துள்ள நிலத்தின் வடக்கு வரப்பை ஒட்டி, தார் ரோட்டிலிருந்து இந்த நிலம் வரை, 12 அடி அகலத்தில், ஆளும் மாடும் வண்டியும் டிராக்டரும் போய்வர வாங்குபவருக்கு நிரந்தர உரிமை உண்டு." கிணற்றுப் பங்குக்கும் இதே மாதிரி: எந்தப் புல எண்ணில் உள்ள கிணறு, எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், முறைத்தண்ணீர் எப்படி?

அளவிலும் கண் வேணும். புதுச்சேரியை ஒட்டிய இந்தப் பக்கம் குழி என்றால் 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி, சுமார் 132 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் குழி 144 சதுர அடிதான். வெறும் "50 குழி" என்று எழுதாமல், பக்கத்திலேயே சென்ட்டும் ஏர்ஸும் போட்டுவிடணும்.

பழசில் நான் மெச்சுவது நாலு எல்லையை. புல எண் தப்பினாலும் எல்லை நிலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஷியோத்யான் சிங் வழக்கில் மனை எண் 160 என்பது 1060 என்று விழுந்திருந்தது. எல்லை முதலான மற்ற விவரங்கள் சரியாக இருந்ததால், நிலம் எது என்பதில் சந்தேகமில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. "ஓடைக்குக் கிழக்கு" என்றால் நிலத்துக்கு மேற்கே ஓடை. புது ஃபார்மேட்டில் "கிழக்கில்:" என்று கட்டம் போட்டிருக்கும். பழைய பத்திரத்தைப் பார்த்து அந்தக் கட்டத்தில் "ஓடை" என்று டைப் அடித்தால் நிலம் ஓடையின் மறுகரைக்குப் போயிடும். இந்தத் தப்பு பத்திரத்தோடு நிற்காது. சிவில் நடைமுறைச் சட்டம், 1908, கட்டளை 7 விதி 3 வழக்குரையில் சொத்தை அடையாளம் தெரியும்படி விவரிக்கச் சொல்கிறது. பெரும்பாலும் அந்த விவரம் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படுவதுதான்.

கையெழுத்துக்கு முன்னால் சொத்து விவரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, நிலத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் படிச்சுப் பாருங்க. கூடவே ஒரு டேப்பும் கொண்டுபோய்ப் பாதையின் அகலத்தை அளந்துடுங்க.